கூரையும் அடுப்பும்

வீட்டு வரைபடத்தில் சமையலறைக்கு அளவு கிடைப்பது பெரும்பாலும் கடைசியில்தான். கூடம் இவ்வளவு, படுக்கையறைகள் இவ்வளவு, பூஜைக்கு ஒரு மூலை, வண்டி நிறுத்த முன்பக்கம் பத்தடி என்று ஒதுக்கி முடித்தபின் தென்கிழக்கில் மிஞ்சுகிற எட்டுக்கு எட்டோ எட்டுக்குப் பத்தோ அடுப்படி ஆகிறது. அக்கினி மூலை என்று திசை மட்டும் எப்போதோ முடிவாகிவிட்டது. சன்னல் எந்தச் சுவரில், புகையும் சூடும் எந்த வழியாக வெளியேறும், மேடை எவ்வளவு உயரம், அங்கே நிற்கப்போகிறவர் எவ்வளவு உயரம் என்ற கேள்விகளெல்லாம் கொத்தனாரின் பழக்கத்துக்கு விடப்படுகின்றன. பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்துக் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் முதலில் இடிக்கப்படுவது இந்த அறைதான். அவ்வளவு காலம் ஒருவர் அதற்குள் நின்று வெந்திருக்கிறார்.

இப்போதைய புதுப்பித்தல் ஒரு கொட்டேஷனில் தொடங்குகிறது. மரைன் பிளைவுட்டா சாதா பிளைவுட்டா, லேமினேட்டின் நிறம் என்ன, ஓசையில்லாமல் மூடிக்கொள்ளும் கீல், இழுத்தால் முழுதாக வெளியே வரும் டிராயர், மேலே கிரானைட்டா குவார்ட்ஸா, கடைசியில் சிம்னி. எல்லாம் சதுர அடிக் கணக்கில். அதே வீட்டுக்கு வேறொரு மாதத்தில், வேறொருவர் கையெழுத்திட்டு, இன்னொரு கொட்டேஷன் வருகிறது: மொட்டைமாடியில் சோலார். எத்தனை கிலோவாட், எவ்வளவு மானியம், போட்ட காசு எத்தனை ஆண்டில் திரும்பும். 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவதற்கு 18,000 ரூபாயுமாக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் உண்டு என்பதால், இந்த இரண்டாவது காகிதம் நடுத்தர வீடுகளில் இப்போது அடிக்கடி தென்படுகிறது. ஒரே வீட்டின் இந்த இரண்டு காகிதங்களும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. சமையலறைக் காகிதத்தில் நெருப்பு எங்கிருந்து வரும் என்ற வரி கிடையாது. சோலார் காகிதத்தில் அடுப்பு கிடையாது. முதலாவது பெண்ணின் விருப்பமாகவும் இரண்டாவது ஆணின் முதலீடாகவும் பேசப்படுவதால் நேர்ந்த பிரிவு இது என்று நினைக்கிறேன். வீட்டைச் சீர்திருத்த விரும்புகிறவர்கள் முதலில் கைவைக்க வேண்டிய இடம் இந்தப் பிரிவுதான்.

விருதுநகர் பக்கத்தில் என் சித்தி வீட்டு அடுப்படியை இடித்துக் கட்டியபோது நடந்த ஒரு பேச்சு மனதில் நிற்கிறது. கொத்தனார் சுவரில் கோடு இழுத்துக்கொண்டே சொன்னார்: “மேடை ரெண்டே முக்காலடிம்மா. எல்லா வீட்டுக்கும் அதான்.” சித்தி அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். “எல்லா வீட்டுலயும் நானா தம்பி நின்னு சமைக்கிறேன்? என்னைய நிக்க வச்சு அளங்க.”

சித்தியின் உயரம் நாலடி பத்தங்குலம். இரண்டே முக்காலடி மேடைமேல் கேஸ் அடுப்பு அரையடி, அதன்மேல் இட்லிப்பானை ஓரடி. கூட்டினால் பானையின் வாய் நாலேகாலடி உயரத்தில், அவருடைய தோளுக்கும் மேலே போகிறது. மூடியைத் திறந்தால் ஆவி நேரே முகத்துக்கு வரும். கிண்டும் கை எப்போதும் தூக்கியே இருக்கும். பல ஆண்டுகளாக அவர் தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்ததற்கும் அந்த மேடைக்கும் தொடர்பு உண்டு என்று வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. கொத்தனார் டேப்பை எடுத்தார். முழங்கையை மடக்கி நிற்கச் சொல்லி, அதிலிருந்து ஐந்து அங்குலம் இறக்கி நறுக்கும் மேடையைக் குறித்தார். அதற்கு அரையடி கீழே அடுப்பு மேடை. அடுப்பை வைத்ததும் பர்னரும் நறுக்கும் பலகையும் ஏறத்தாழ ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். கிரானைட் போட வந்தவருக்கு இது பிடிக்கவில்லை. இரண்டு மட்டம் என்றால் இணைப்பு தெரியும், ஒரே பலகையாகப் போட்டால்தான் பார்வையாக இருக்கும் என்றார். சித்தி இணைப்பே இருக்கட்டும் என்றார். அந்த அடுப்படியில் நின்று சமைத்துப் பார்த்த உறவுக்காரப் பெண்கள் சிலர் தங்கள் வீட்டு மேடையையும் வெட்டி இறக்கிக்கொண்டார்கள்.

நிற்கிறவரின் உடலையும் நடையையும் அளந்து சமையலறை அமைக்கலாம் என்பது பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது 1926இல், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில். முதல் உலகப்போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தில் எர்ன்ஸ்ட் மே தலைமையில் நகராட்சி கட்டிய குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிஹாட்ஸ்கி என்ற கட்டடக்கலைஞர் அதை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயிலின் உணவுப்பெட்டியில் இருக்கும் குறுகிய சமையலறையைப் பார்த்தும், ஆலை வேலையை நொடிக்கணக்கில் அளந்த முறைகளைப் படித்தும், அடுப்புக்கும் தொட்டிக்கும் அலமாரிக்கும் நடக்கும் தூரத்தை அவர் குறைத்தார். தானியங்களுக்குப் பெயரெழுதிய அலுமினிய இழுப்பறைகள், உட்கார்ந்து வேலைசெய்ய ஒரு சுழல் முக்காலி, சன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் நறுக்கும் பலகை. ஏறத்தாழ 10,000 வீடுகளில் இது பொருத்தப்பட்டது. இன்று நம் ஊரில் மாடுலர் என்று விற்கப்படுவது அதன் வம்சம். அதை வடிவமைக்கும்வரை தான் சமைத்ததே இல்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அதை நான் குறையாகக் காணவில்லை. கேட்டும் அளந்தும் அறியலாம் என்பதற்கு அவரே சான்று. ஆனால் அந்த அறைக்குள் ஒருவர்தான் நிற்க முடியும். பேச்சுத்துணைக்கு வந்து உட்காரும் மாமியாருக்கும் தேங்காய் துருவிக் கொடுக்கும் மகனுக்கும் அதில் இடமில்லை. நாம் அவரிடமிருந்து இந்தத் தனிமையை வாங்கிக்கொண்டோம், அளவெடுக்கும் வழக்கத்தை விட்டுவிட்டோம்.

தமிழ்நாட்டு அடுப்படி தரையைவிட்டு எழுந்ததற்கு ஒரு சிலிண்டர் முக்கியக் காரணம். விறகடுப்பின் முன் குந்தியோ மணைபோட்டோ உட்கார்ந்து சமைத்த வீடுகளில் அரிவாள்மணையும் அம்மியும் ஆட்டுக்கல்லும் அதே தரைமட்டத்தில் இருந்தன. எல்பிஜி வந்தபோது, அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்ற பாதுகாப்பு விதியும் கூடவே வந்தது. மேடை கட்டினார்கள். அடுப்பு மேலே போனது, நறுக்குவதும் அரைப்பதும் கீழேயே தங்கின. ஒரு தலைமுறைப் பெண்களின் மூட்டுகள் இந்த இரண்டு மட்டங்களுக்கும் இடையில் தேய்ந்தன. கோவையில் 1955இல் பி. சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டரும் பின்னால் வந்த மிக்ஸியும்தான் மீதி வேலையை மேலே தூக்கின. 2007இல் இலவச கேஸ் அடுப்பு, 2011இல் விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் என்று அரசு இவற்றை ஏழை வீடுகளுக்குக் கொண்டுபோனதை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒருநாளும் உடன்பாடு கிடையாது. விடியுமுன் எழுந்து மாவாட்டிய கைகள் அப்படிப் பேசுவதில்லை. வருத்தம் வேறு இடத்தில்: பொருள் வந்தது, அதை வைக்க ஓர் அறை வரவில்லை. ஒற்றை அறை வீடுகளில் கிரைண்டர் கட்டிலுக்கடியில் இருந்தது.

இப்போது அந்தச் சிலிண்டரும் லேமினேட் கதவுக்குப் பின்னால் ஒளிக்கப்படுகிறது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் படுத்துத் தேங்கும். உச்சியில் பொருத்திய சிம்னியும் எக்ஸாஸ்ட் ஃபேனும் அதை எடுக்கமாட்டா. கதவின் அடிப்பக்கத்தில் காற்றுத் துளை இருந்தாக வேண்டும். துளையிட்டால் அழகு கெடும் என்று மூடிய பெட்டியாகச் செய்துவிட்டுப் போன தச்சு வேலையைப் பல புது வீடுகளில் பார்த்திருக்கிறேன். புதுப்பித்த அடுப்படியைப் பார்க்கப் போகும்போது நான் முதலில் குனிந்து பார்ப்பது இதைத்தான்.

ஓட்டு வீட்டில் புகைக்கு ஒரு வழி இருந்தது. ஓட்டிடுக்கிலும் சுவருக்கும் கூரைக்கும் நடுவில் விட்ட திறப்பிலும் அது கசிந்து வெளியேறும். கான்கிரீட் தளம் வந்தபோது மழை உள்ளே வருவது நின்றது, புகை வெளியே போவதும் நின்றது. சென்னை போரூரில் உள்ள ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டுக் கிராம வீடுகளுக்குள் கருவிகளை வைத்து இந்தப் புகையை அளந்தவர்கள். சமைப்பவரின் மூச்சுக்குள் போகும் நுண்துகள், நகரத் தெருவில் நாம் அஞ்சும் அளவுகளை மிகச் சாதாரணமாகத் தாண்டுவதை அவர்கள் எண்களில் காட்டினார்கள். வீட்டுக்குள் எரியும் எரிபொருளால் 2020இல் மட்டும் உலகெங்கும் 32 லட்சம் பேர் அகாலமாக இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

அந்தக் குழு பங்கேற்ற இன்னோர் ஆய்வையும் சொல்ல வேண்டும். விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகள் உட்பட நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்து, பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்து நடத்தியது அது. விறகைத் தொடர்ந்தவர்களின் சுவாசத்தில் ஒரு கன மீட்டருக்கு 70 மைக்ரோகிராம் அளவில் இருந்த நுண்துகள், கேஸுக்கு மாறியவர்களிடம் 24ஆகக் குறைந்திருந்தது. ஆனால் 2022இல் வந்த முடிவில், பிறந்த குழந்தைகளின் எடையில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. இதைக் காட்டிக் கேஸ் அடுப்பு வீண் என்று வாதிடுவது தவறு. புகை குறைந்ததே பெரிய பேறு. கர்ப்பத்தின் பாதிவழியில் கொடுத்த ஓர் அடுப்பு, அந்தப் பெண் பிறந்ததிலிருந்து சுவாசித்ததையும் உண்டதையும் உண்ணாததையும் ஈடுகட்டிவிடும் என்று எதிர்பார்ப்பதில்தான் பிழை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அடுப்பைத் தனிப்பொருளாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு நீண்ட காலமாக உண்டு.

1953இல் எஸ்.பி. ராஜு என்ற ஹைதராபாத் பொறியாளர், கோடிக்கணக்கானோருக்குப் புகையில்லாச் சமையலறை என்ற நோக்கத்தோடு எழுதிய சிறுநூல் சென்னையில் அச்சானது. மண்ணால் செய்து குழாய்வழி புகையை வெளியேற்றும் அடுப்பு அதில் விளக்கப்பட்டிருந்தது. சுதந்திரம் பெற்ற சில ஆண்டுகளுக்குள் ஒரு பொறியாளர் அணைக்கும் பாலத்துக்கும் நடுவில் அடுப்பைப் பற்றிக் கவலைப்பட்டதை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது. முப்பது ஆண்டு கழித்து அதே எண்ணம் தேசியத் திட்டமானது. 1980களில் தொடங்கி 2002இல் நிறுத்தப்படும்வரை மூன்று கோடிக்கும் மேற்பட்ட புகையில்லா அடுப்புகள் நாடெங்கும் வைக்கப்பட்டன. அவற்றில் நிலைத்தவை கொஞ்சம். குழாயில் கரி அடைத்தது, மண் விரிசல் விட்டது, பழுது பார்க்க ஆள் வரவில்லை. விறகின் நீளமும் பானையின் அகலமும் வீட்டுக்கு வீடு மாறும், அடுப்பின் வாயோ எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு.

சூரிய அடுப்பின் கதையும் அதே காலத்தது. 1950களில் டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் ஒரு சூரிய அடுப்பை வடிவமைத்தது, அது கடைக்கும் வந்தது, விலைபோகவில்லை. காலை ஏழு மணிக்குப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குச் சோறு கட்ட வேண்டிய தாயிடம், பத்து மணிக்குமேல் வெயிலில் போய் நின்று சமை என்று அது சொன்னது. பிறகு சாண எரிவாயு வந்தது. கதர் கிராமத் தொழில் ஆணையம் 1960களில் பரப்பிய மிதக்கும் டிரம் வடிவமும், 1980களில் வந்த தீனபந்து வடிவமும் நல்ல பொறியியல். நாலைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு கன மீட்டர் கலன் போதும். அதற்குத் தினமும் 50 கிலோ சாணம் வேண்டும், நாலைந்து மாடு வேண்டும், சாணத்துக்குச் சமமாகத் தண்ணீர் விட்டுக் கரைக்க ஒருவர் வேண்டும். கரைத்தது யார் என்று கேட்க வேண்டியதில்லை. டிராக்டர் வந்து மாடு குறைந்ததும் பல கலன்கள் மண்மூடின. ஆனாலும் கறவை மாடு நிற்கிற வீட்டில், சாணத்தைக் குழியில் கரைக்கும் வேலையை ஆண் ஏற்றுக்கொண்ட வீட்டில், அந்த நீலச் சுடர் இன்றும் எரிவதைப் பார்க்கலாம். கழிவு உரமாகி வயலுக்குப் போகிறது. இதைவிட முழுமையான வீட்டு ஆற்றல் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இவை மூன்றும் அடுப்படி வாசலிலேயே நின்றுபோனதற்குக் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஒவ்வொன்றும் அடுப்பின் முன் இருப்பவரின் நேரத்தையோ உடலையோ உழைப்பையோ கூடுதலாகக் கேட்டது. கேட்பதற்கு முன் அவரைக் கேட்டுப் பார்க்கவில்லை.

தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா, 1940களில் சிறையிலிருந்தபடி நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றி எழுதியபோது, மண்ணுக்கடியில் தேங்கிக் கிடப்பதை எடுத்துத் தீர்க்கும் வாழ்க்கையையும், வந்துகொண்டே இருப்பதைக் கொண்டு நடத்தும் வாழ்க்கையையும் பிரித்துக் காட்டினார். நிலக்கரியும் பெட்ரோலியமும் முதல் வகை. வெயிலும் காற்றும் ஓடும் நீரும் வளரும் மரமும் இரண்டாவது. தீர்ந்துபோவதைச் சார்ந்தவர்கள் அதற்காக ஒருவரோடொருவர் மோதுவார்கள் என்பது அவருடைய கவலை. கடைசிக் காலத்தில் மதுரை மாவட்டத்து தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்தார். அவர் அன்று எழுதியது இன்று நம் அடுப்படியில் நிற்கிறது: நாம் எரிக்கும் எல்பிஜியில் பாதிக்கும் மேல் கப்பலில் வருகிறது, அதில் பெரும்பகுதி வளைகுடா நாடுகளிலிருந்து. அங்கே ஒரு நீரிணையில் பதற்றம் என்றால் கல்லுப்பட்டியில் சாம்பார் கொதிப்பதற்கு விலை ஏறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ எல்பிஜி இருக்கிறது. அதன் வெப்பத்தை மின்சார யூனிட்டாக மாற்றினால் சுமார் 180 யூனிட். நல்ல கேஸ் அடுப்பிலும் அதில் மூன்றில் ஒரு பங்கு பாத்திரத்தில் சேராமல் பக்கவாட்டில் போய் அறையைச் சுடவைக்கிறது. மே மாதத்து அடுப்படியில் சமைப்பவர் வேர்த்து நனைவது அந்த மூன்றில் ஒரு பங்கில்தான். இண்டக்ஷன் அடுப்பில் இழப்பு மிகக் குறைவு என்பதால் அதே சமையலை 145 யூனிட்டுக்குள் முடிக்கலாம். சிலிண்டர் ஒன்றரை மாதம் வரும் வீட்டில் இது நாளுக்கு மூன்று யூனிட் சொச்சம். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு ஆண்டுச் சராசரியில் நாளுக்கு நான்கு யூனிட் தரும், அதற்கு நிழல் விழாத 100 சதுர அடி மொட்டைமாடி போதும். ஆக ஒரு குடும்பம் முழுதும் சமைத்து உண்ணத் தேவையான ஆற்றல், அந்த அடுப்படியின் தலைக்கு நேர்மேலே, ஏறத்தாழ அந்த அடுப்படியின் அளவே உள்ள கூரையில் தினமும் விழுகிறது. இந்தக் கணக்கை முதலில் போட்டபோது என்னால் சட்டென்று நம்ப முடியவில்லை. இன்னொரு முறை போட்டேன்.

இடையில் நிற்பது நேரம். நம் அடுப்படி காலை ஆறிலிருந்து ஒன்பதுவரை எரிகிறது, பிறகு மாலை ஆறுக்குமேல். தகடு சுறுசுறுப்பாக இருப்பது பத்திலிருந்து மூன்றுவரை. நெட் மீட்டர் இருந்தால் பகலில் கொடுத்ததைக் காலையிலும் மாலையிலும் திரும்ப வாங்கலாம். அந்த நேரத்தில் உண்மையில் வருவது அனல்மின் நிலைய மின்சாரமாக இருக்கலாம், ஆடிக்காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் அனுப்பியதாகவும் இருக்கலாம். நெட் மீட்டர் இல்லாத வீட்டில் மூன்று யூனிட் என்றால் இரண்டு மாத பில்லில் 180 யூனிட் கூடும். 100 யூனிட் இலவசம் போக அடுக்கடுக்காக ஏறும் நம் கட்டணத்தில், 500ஐத் தாண்டினால் கணக்கே மாறிவிடும். கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டர் விளக்கையும் விசிறியையும் இழுக்கும், 2,000 வாட் இண்டக்ஷனை இழுக்காது. மின்வெட்டில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தவித்த காலம் தமிழ்நாட்டுக்கு அதிகம் பழையதல்ல. அதை நினைவில் வைத்திருக்கும் பெண்கள் கேஸை முழுதாக விட மறுப்பதில் நியாயம் இருக்கிறது.

பாத்திரமும் பேச வேண்டிய விஷயம். இண்டக்ஷனுக்குக் காந்தம் ஒட்டும் அடிப்பாகம் வேண்டும். பித்தளை இட்லிக்கொப்பரையும் அலுமினியக் குண்டானும் மண்சட்டியும் அதில் சூடாகா. குழிந்த வாணலி உட்காராது. அப்பளம் சுடவும் கத்தரிக்காய் சுடவும் சுடர் வேண்டும். மாமியார் கொடுத்த ஈயச்சொம்பையும் அம்மா கொடுத்த பித்தளையையும் பரணில் ஏற்றிவிட்டுப் புது செட் வாங்கச் சொல்வது, ஒரு வீட்டின் நினைவை இடம்பெயர்க்கச் சொல்வது. அதைச் செய்யாமலே மாறலாம். உலைநீரும் பருப்பும் குக்கரும் பாலும் இண்டக்ஷனுக்குப் போகட்டும், தாளிப்பும் சுடுவதும் ஒற்றை கேஸ் பர்னரில் நடக்கட்டும். சிலிண்டர் ஒன்றரை மாதத்துக்குப் பதில் நான்கு மாதம் வரும் வீடுகள் இப்படித்தான் உருவாகின்றன.

கூரையையும் அடுப்பையும் ஒன்றாக யோசித்துக் கட்டிய ஓர் இடம் தமிழ்நாட்டு எல்லையில், ஆரோவில்லில் இருக்கிறது. 1990களின் இறுதியில் எழுந்த அங்குள்ள பொதுச் சமையலறையின் கூரையே ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணம், 15 மீட்டர் விட்டம். கிண்ணம் அசையாது. சூரியன் நகர நகர, ஒளி குவியும் புள்ளியைத் தொடர்ந்து ஒரு நீள்கலன் மட்டும் நகர்கிறது. அதற்குள் உண்டாகும் நீராவி கீழே இறங்கிப் பெரிய அண்டாக்களில் சோறும் காயும் வேகவைக்கிறது. மேகம் மூடினால் கொதிகலன் கைகொடுக்கும். தினமும் ஏறக்குறைய ஆயிரம் பேருக்குச் சமைக்க எண்ணி அமைத்தது. அங்கே அது பொருந்துவதற்குக் காரணம் கண்ணாடி மட்டுமல்ல, அவர்களுடைய முக்கிய உணவு மதிய உணவு. சமையலின் நேரமும் சூரியனின் நேரமும் ஒன்று. இதை நினைக்கும்போதெல்லாம் நம் சத்துணவு மையங்கள் கண்முன் வருகின்றன. 1956இல் காமராஜர் தொடங்கி 1982இல் எம்.ஜி.ஆர். விரித்த மதிய உணவு, இன்று 40,000க்கும் மேற்பட்ட மையங்களில் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் சமைக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் சூரியனோடு நேரம் ஒத்துப்போகிற மிகப்பெரிய சமையல் அதுதான். பல பள்ளிகளில் வகுப்பறைத் தளத்தின்மேல் வெயில் சும்மா காய்கிறது, அதன் நிழலில் உள்ள ஒடுங்கிய கட்டடத்தில் சமையலர் அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறார்.

வீட்டுக்கு வந்தால், புதுப்பிக்கிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது பெரிதல்ல. கிரானைட் ஒட்டுவதற்கு முன் மேடைக்குப் பின்சுவரில் 16 ஆம்பியர் பிளக் இரண்டு வையுங்கள், மீட்டர் பெட்டியிலிருந்து அதற்கென்றே தடித்த கம்பி, 4 சதுர மில்லிமீட்டர், தனியாக வரட்டும். சுவரை மூடியபின் இதைச் செய்வதற்கு ஆகும் செலவில் இன்னோர் அலமாரி செய்துவிடலாம். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியை வடபக்கம் தள்ளிவையுங்கள், தகடுக்கு நிழல் விழாது. சூரிய வெந்நீர்க் குழாயை குளியலறையோடு நிறுத்தாமல் பாத்திரத் தொட்டிவரை இழுங்கள். மாவரைப்பதும் துணி துவைப்பதும் மோட்டார் போடுவதும் நண்பகலுக்கு நகரக்கூடியவை, அவற்றை நகர்த்துங்கள். காலைச் சமையல் நகராது, அதை நகர்த்தச் சொல்லாதீர்கள். சன்னலை லாஃப்ட்டுக்காக அடைக்காதீர்கள். உள்ளேயே சுற்றிவிடும், வெளிக்குழாய் இல்லாத சிம்னி எண்ணெய்ப் பிசுக்கைத்தான் பிடிக்கும், சூட்டை அறைக்கே திருப்பித் தரும்.

இவை எல்லாம் தன் கூரை உடையவர்களுக்கான பேச்சு. 2011இல் தமிழக அரசு அறிவித்த சூரியசக்தி பசுமை வீடுகளில் 300 சதுர அடிக்குள் ஐந்து விளக்குகள் சூரிய ஆற்றலில் எரிந்தன, அவற்றில் ஒன்று சமையலறைக்கு. குடிசையிலிருந்து வந்தவருக்கு அந்த ஒரு விளக்கு எவ்வளவு என்பதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் வாடகை வீட்டில் இருப்பவருக்கு அந்த ஒன்றும் இல்லை. மேடையை இறக்கவும் முடியாது, மாடியில் தகடு வைக்கவும் முடியாது. அடுக்குமாடியில் சொந்தமாக வாங்கியவருக்கும் மொட்டைமாடி பொதுச்சொத்து. சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு, 500 கிலோவாட்வரை. அது லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் வண்டி சார்ஜ் செய்யவுமான பொதுப் பயன்பாட்டுக்கு. அதே கட்டடத்தில் காலை ஆறு மணிக்கு ஒரே நேரத்தில் எரியும் நாற்பது அடுப்புகள் அந்தக் கணக்கில் வரவில்லை. வீடு வாங்கும்போது பத்திரத்தில் பிரிக்கப்படாத நிலத்தின் பங்கு இத்தனை சதுர அடி என்று எழுதித் தருகிறார்கள். கூரையில் விழும் வெயிலுக்கும் அப்படி ஒரு பங்கு எழுதப்பட வேண்டும், வாடகைக்கு இருப்பவர் அங்கே இருக்கும்வரை அந்தப் பங்கு அவருடைய மீட்டரில் சேர வேண்டும். சட்டம் தெரிந்தவர்கள் இதற்கு வழி சொல்ல வேண்டும்.